மைனஸ் நான்கு

இன்றைக்கு நான் சட்டத்துக்கு உட்பட்டவள்.
எழுந்ததும் ஜன்னலுக்கு வெளியே
வெப்பமானியைப் பார்த்துவிட்டேன்.
மைனஸ் நான்கு.
மூக்குக்கு மேலே இழுத்துச் சுற்றிய சாம்பல் கம்பளிக்கு
குளிரே சாட்சி சொல்லிக்கொள்ளும்.

ஆர்ஹூஸ் துறைமுகத்திலிருந்து ஏறி வரும் காற்று
காதுமடலைத்தான் முதலில் பிடிக்கும்.
பேருந்து நிறுத்தத்தில் எல்லோருக்கும்
கண்கள் மட்டுமே மிச்சம்.
பால்பண்ணைத் தொழிலாளி, சைக்கிளைத் தள்ளி வரும் பையன்,
நாயைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டவர்.
யாரும் யாரையும் பார்த்துப் பரிதாபப்படவில்லை.

ஏப்ரலில்தான் சிக்கல்.
பனி உருகும், கம்பளிக்கு முகாந்திரம் போய்விடும்.
எத்தனையாவது டிகிரியில் குளிர் முடிந்து
இறைவன் தொடங்குகிறான் என்று
சட்டத்தில் எழுதவில்லை.
அதைத் தீர்மானிக்கும் வேலையை
மைக்கனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

போன மே மாதம், மருந்துக்கடை வாசல்.
கையில் குலேதின் இருமல் மருந்து.
"துணியை எடுங்கள், இல்லையென்றால்
இங்கிருந்து போய்விடுங்கள்."
மனப்பாடம் செய்த குரல்.
மனப்பாடம் அவளுக்கு எந்நாளும் வந்ததில்லை.
ஏழாம் வகுப்பில் ஐரோப்பாவின் ஆறுகளை
அவள் உள்ளங்கையில் எழுதிவிட்டவள் நான்தான்.
டான்யூப் வியர்வையில் கரைந்து
ரைனோடு கலந்துவிட்டது.

அப்போது நாங்கள் ஒரே ஹேண்ட்பால் அணி.
நான் இடது ஓரம், அவள் கோல்கீப்பர்.
பயிற்சியாளர் போதில் தொண்டை கிழியக் கத்துவார்:
"எறிகிறவள் முகத்தைப் பார்க்காதே மைக்கன்,
முகம் பொய் சொல்லும்.
தோளைப் பார்!"

பெயர் கேட்டாள்.
நான் வாயைத் திறக்கும் முன்பே
பேனா "உ" போட்டுவிட்டது.
எறியப் போகும்போது என் இடது தோள்
ஒரு விரற்கடை தாழும், இன்றைக்கும்.
தெரிந்துவிட்டது அவளுக்கு.
"உபாஹ்" என்று முழுதாக எழுதினாள்,
ஹாவைக்கூட விடாமல்,
ஆயிரம் குரோனுக்கு.
அவள் முகம் திறந்துதான் இருந்தது.
அதில் எனக்கு வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

அக்கா இஃப்ரா தலைமுடியை வெயிலுக்குக் காட்டித் திரிபவள்.
"உன் துணியும் எனக்குப் பிடிக்கவில்லை,
அவர்கள் சட்டமும் பிடிக்கவில்லை.
ரெண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார
இந்த ஊரில் எனக்கு இடமில்லை" என்பாள்.
அபராதத்தில் பாதியை அவள்தான் கட்டினாள்.
கட்டிவிட்டு ஒரு வாரம் என்னோடு
முகம் கொடுத்துப் பேசவில்லை.

யார் போர்த்தினார்கள் உன்னை என்று கேட்கிறார்கள்.
யாரும் இல்லை. கணவருக்கேகூட முதலில் கோபம்.
அம்மா மஞ்சளும் சிவப்புமாய்த்தான் உடுத்துவாள்,
முகத்தை மூடியதே கிடையாது.
என் காரணம் எனக்கே முழுதாகத் தெரியாது.
சில நாள் அது தொழுகை.
சில நாள் வெறும் பிடிவாதம்,
அந்த மே மாதத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாய்.
உள்ளே போய்ப் பிரித்துப் பார்க்க
எந்தக் காவலருக்கும் அனுமதியில்லை,
எனக்கும் பல நாள் இல்லை.

பேருந்து இன்னும் வரவில்லை.
கூட்டத்தின் கடைசியில் ஒருத்தி,
நீலக் குல்லாய், கண்ணுக்குக் கீழே
பச்சைக் கம்பளி மூன்று சுற்று.
குதிகால் தரையில் படாமல்,
முழங்கால் லேசாக மடங்கி,
எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியாதவள்போல் நிற்கிறாள்.
இருபது வருடம் ஆகியும் அந்த நிற்பு மாறவில்லை.

அவளும் என் தோளைப் பார்த்துவிட்டாள்.

"குளிர்" என்றாள், கம்பளிக்குள்ளிருந்து.
"குளிர்" என்றேன், கம்பளிக்குள்ளிருந்து.

இரண்டு மூச்சும் ஆவியாகி
எங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றன.
பேருந்தில் அவள் முன்னால் ஏறிக்கொண்டாள்.
ஓட்டுநரின் வானொலி சொல்லிக்கொண்டிருந்தது,
வியாழக்கிழமை வெயிலாம்,
பிளஸ் ஆறு.